கேட் சாவி யாரிடம் இருக்கிறது?

போன வாரம் ஒரு தம்பி கைப்பேசியில் அழைத்தார். எங்கள் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் காற்பந்துக் குழு நடத்துகிறவர். ஈப்போவில் வேலை, வார இறுதியில் திடல்.

"அண்ணே, ஞாயிற்றுக்கிழமை எட்டுக் குழு ஆட்டம் வெச்சிருக்கோம். நீங்க முதலுதவிப் பெட்டியோட வந்துட்டாப் போதும்."

"வர்றேன் தம்பி. திடல் கேட் சாவி யார்கிட்ட இருக்கு?"

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. "சாவியா? யார்கிட்டயாவது இருக்கும்ணே. ஏன்?"

ஏன் என்று அவருக்குச் சொன்னதைத்தான் இந்த வாரம் உங்களுக்கும் சொல்லப் போகிறேன். உங்கள் வீட்டிலும் ஞாயிறு மாலையில் காலுறையை மாட்டிக்கொண்டு கிளம்பும் ஒரு பிள்ளையோ, 'வெட்டரன்' ஆட்டத்துக்குப் போகும் ஒரு அப்பாவோ இருக்கலாம்.

நான் மருத்துவன் இல்லை. பிழைப்புக்குக் கணக்கு எழுதுகிறவன். முதலுதவிப் பயிற்சி பெற்று, திடலோரம் உட்காரும் தன்னார்வலன், அவ்வளவுதான். அந்தப் பயிற்சிக்கு நான் போனதற்கு ஒரு காரணம் இருக்கிறது.

15 ஆண்டுகளுக்கு முன் ஒரு சனிக்கிழமை மாலை. 40 வயதைத் தாண்டியவர்களுக்கான ஆட்டம். ஏற்பாட்டுக் குழுவில் நானும் இருந்தேன். முதலுதவி என் பொறுப்பு. பொறுப்பு என்றால் ஒரு பிளாஸ்டிக் பெட்டி. அதற்குள் பிளாஸ்டர், பஞ்சு, மஞ்சள் மருந்து, வலிக்கு அடிக்கும் ஸ்பிரே, ஒரு புட்டி தைலம்.

மோட்டார் சைக்கிள் பையன்கள் உள்ளே வந்து புல்லைக் கிளறிவிடுகிறார்கள் என்று திடலின் பெரிய கேட்டுக்குச் சங்கிலி போட்டுப் பூட்டினோம். பூட்டியவன் நான்தான். ஆட்கள் நுழைய ஓரத்தில் சின்ன வழி இருந்தது. சாவியைப் பொருளாளரிடம் கொடுத்தேன். அவர் சாப்பாட்டுப் பொட்டலம் வாங்கப் பட்டணத்துக்குப் போய்விட்டார்.

இரண்டாம் பாதி தொடங்கிச் சில நிமிடம் இருக்கும். பந்து எதிர்ப்பக்கத்தில் இருந்தது. நடுத்திடலில் நின்றிருந்த ஓர் அண்ணன், யாரும் மோதாமல், கையைக்கூட ஊன்றாமல் முகம் குப்புற விழுந்தார். வயது 46. கை கால்கள் வெட்டி இழுத்தன.

"வலிப்புடா! சாவி கொண்டாங்க, சாவி!" என்று யாரோ கத்தினார்கள். ஒருவர் தம் மோட்டார் சைக்கிள் சாவியை அவர் கையில் திணித்து விரல்களை மூடினார். இன்னொருவர் முகத்தில் தண்ணீர் தெளித்தார். நான் பெட்டியைத் திறந்து தைலத்தை எடுத்து மூக்கருகே காட்டினேன். கரையில் போட்ட மீன் போல வாயைத் திறந்து திறந்து இழுத்தார். "மூச்சு இருக்கு, மூச்சு இருக்கு" என்று எல்லாரும் சொன்னார்கள். நானும் சொன்னேன்.

999-க்கு மூன்று பேர் அழைத்தார்கள். மூன்று பேரும் சொன்ன இடம் "பாடாங்". எந்தப் பாடாங் என்று எதிர்முனையில் கேட்டார்கள். சுங்கை சிப்புட்டில் எத்தனை பாடாங்! ஒருவழியாக ஆம்புலன்ஸ் வந்தது. வந்து, நான் பூட்டிய கேட்டுக்கு வெளியே நின்றது. ஊழியர்கள் தூக்குப்படுக்கையையும் கருவிகளையும் அந்தச் சின்ன வழியில் நுழைத்து, திடலைக் கடந்து ஓடி வந்தார்கள்.

அந்த அண்ணன் அன்றிரவே போய்விட்டார்.

கேட் திறந்திருந்தால் பிழைத்திருப்பாரா? யாராலும் சொல்ல முடியாது. ஆனால் பயிற்சி வகுப்பின் முதல் நாளிலேயே எனக்கு ஒன்று விளங்கியது. அவர் இழுத்தது மூச்சு அல்ல. இதயம் நின்ற பிறகு சிலருக்கு வரும் வெற்று இழுப்பு அது. கைகால் வெட்டியதும் வலிப்பு அல்ல. மூளைக்கு இரத்தம் போகாததால் வந்தது. ஆம்புலன்ஸ் வரும்வரை அவர் மார்பில் எங்களில் ஒருவர்கூடக் கை வைக்கவில்லை. எல்லாரும் சுற்றி நின்று அவரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவருக்குத் தேவையில்லாத சாவியைக் கையில் கொடுத்தோம். தேவைப்பட்ட சாவி பட்டணத்தில் இருந்தது.

ஒரு விநாடியும் ஒரு விதியும்

இது கிராமத்துத் திடலில் மட்டும் நடப்பது என்று நினைக்க வேண்டாம். 2024 ஜூன் 30. இந்தோனேசியாவின் யோக்யகார்த்தாவில் ஆசிய இளையோர் பூப்பந்துப் போட்டி. சீனாவின் ஜாங் ஷிஜியே, வயது 17, ஜப்பானிய ஆட்டக்காரருடன் மோதிக்கொண்டிருந்தார். முதல் செட்டில் புள்ளிகள் 11-11. ஆடிக்கொண்டிருந்தவர் அப்படியே தரையில் சாய்ந்தார். நம் நாட்டிலும் பலர் அந்தக் காணொளியைப் பார்த்திருப்பீர்கள். அவர் தரையில் துடிக்கிறார். மருத்துவக் குழு ஓடி வரவில்லை. ஏறக்குறைய 40 விநாடிகள் கழிகின்றன. நடுவர் அழைத்த பிறகே உள்ளே நுழைய வேண்டும் என்ற விதியைத்தான் குழு பின்பற்றியது என்று இந்தோனேசியப் பூப்பந்துச் சங்கம் பிறகு விளக்கம் சொன்னது. அந்தப் பிள்ளை அன்றிரவு உயிரிழந்தார். அனைத்துலகப் போட்டி, மருத்துவக் குழு, ஆம்புலன்ஸ் எல்லாம் இருந்தன. முதலில் யார் ஓட வேண்டும் என்பதில்தான் சிக்கல்.

இன்னொரு காட்சி. 2021 ஜூன் 12, கோப்பன்ஹேகன். ஐரோப்பியக் கிண்ணத்தில் டென்மார்க்கும் பின்லாந்தும். முதல் பாதி முடியும் தறுவாயில் கிறிஸ்டியன் எரிக்சன் யாரும் மோதாமல் விழுந்தார். சக ஆட்டக்காரர்கள் உடனே கையசைத்து மருத்துவர்களை அழைத்தார்கள். நடுவர் ஆட்டத்தை நிறுத்தினார். குழுத் தலைவர் சிமோன் கியர் அவர் அருகில் ஓடினார். இதயம் நின்றதும் மருத்துவக் குழு மார்பை அழுத்தத் தொடங்கியது. ஏ.இ.டி. எனப்படும் மின்னதிர்ச்சிக் கருவி ஒரே ஒரு முறை கொடுத்த அதிர்ச்சியில் இதயம் திரும்பத் துடித்தது. மற்ற ஆட்டக்காரர்கள் சுற்றி நின்று, கேமராக்கள் பார்க்காதபடி முதுகால் மறைத்தார்கள். எட்டு மாதம் கழித்து எரிக்சன் மறுபடி பந்து விளையாடினார்.

இரண்டுக்கும் நடுவே நம் திடல் இருக்கிறது. இதயம் நின்ற ஆளுக்கு மார்பை அழுத்தாமல் விட்டால், ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 விழுக்காடு குறைகிறது என்று சொல்லிக் கொடுத்தார்கள். பத்து நிமிடக் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். பட்டணத்துக்குள்ளேயே மருத்துவமனை இருந்தாலும், ஆம்புலன்ஸ் புறப்பட்டு, இடம் தேடி, கேட் தாண்டி வர நேரம் ஆகும். அந்த நேரம் முழுவதும் நம் கையில்தான் இருக்கிறது.

டிரஸ்ஸர் ஐயா உட்கார்ந்த நாற்காலி

என் அப்பா தோட்டத்து ஆட்டக்காரர். ஹேவூட், டோவன்பி, எல்பில், கமுனிங் என்று ஒவ்வொரு தோட்டத்துக்கும் ஒரு குழு இருந்த காலம். ஆட்டத்தன்று லயத்து ஜனம் மொத்தமும் திடலில். கிராணிமார் ஒரு பக்கம் உட்கார, கோல் கம்பத்துக்குப் பக்கத்தில் தனியாக ஒரு நாற்காலி கிடக்கும். அது டிரஸ்ஸர் ஐயாவுடையது. தோட்டத்து மருந்தகத்தைப் பார்த்துக்கொள்கிறவர் அவர். தொழிலாளர்களுக்கு மருத்துவ வசதி வைத்திருக்க வேண்டும் என்பது தோட்ட நிர்வாகங்களுக்கு இருந்த கடமை. ஆகவே காலில் அடிபட்டாலும் கை விலகினாலும், 'டிரஸ்ஸரைக் கூப்பிடு' என்று ஒரே குரல்தான். யாரைக் கூப்பிடுவது என்று யாரும் யோசித்ததில்லை.

தோட்டங்கள் துண்டாடப்பட்டன, ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, நம் ஜனம் தாமான்களுக்குக் குடிபெயர்ந்தது. பந்தை மட்டும் நாம் கூடவே எடுத்து வந்தோம். குழுவுக்குத் தோட்டத்துப் பெயரையே வைத்து, அடையாளத்தைக் காப்பாற்றிக்கொண்டோம். டிரஸ்ஸர் ஐயாவின் நாற்காலியை எடுத்து வர மறந்துவிட்டோம். இன்று கிண்ணத்துக்கும் ஜெர்சிக்கும் பதாகைக்கும் ஆதரவாளர் தேடுகிறோம். அந்த நாற்காலியில் யார் என்று கேட்டால், யாரோ ஒருவர் பெட்டி கொண்டு வருவார் என்கிறோம்.

பெட்டி ஓடாது, அன்பர்களே. ஆள்தான் ஓட வேண்டும்.

ஒருவர் யாரும் மோதாமல் விழுந்தால்

அதை இதயம் நின்ற நிலை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். தோளைத் தட்டிச் சத்தமாகக் கூப்பிடுங்கள். அசைவில்லை, ஒழுங்கான மூச்சும் இல்லை என்றால், ஒருவரை விரல் நீட்டிக் குறிப்பிட்டு 999 அழைக்கச் சொல்லுங்கள். 'யாராவது கூப்பிடுங்க' என்றால் ஒன்று மூன்று பேர் கூப்பிடுவார்கள், இல்லை ஒருவருமே கூப்பிட மாட்டார்கள். கைப்பேசியை ஒலிபெருக்கியில் வையுங்கள். மறுமுனையில் இருப்பவர் என்ன செய்வது என்று வழிகாட்டுவார்.

ஆளை மல்லாக்கப் படுக்க வைத்து, மார்பின் நடுவே ஒரு கையின் அடிப்பகுதியை வைத்து, மேலே மறு கையைக் கோத்து, முழங்கை மடங்காமல் அழுத்துங்கள். ஆழம் 5 முதல் 6 சென்டிமீட்டர். வேகம் நிமிடத்துக்கு 100 முதல் 120. ஒவ்வொரு அழுத்தலுக்குப் பிறகும் மார்பு முழுதாக மேலெழ விட வேண்டும். பயிற்சி பெற்றவர் 30 அழுத்தலுக்கு 2 முறை வாயில் ஊதலாம். பயிற்சி இல்லாதவர் அழுத்திக்கொண்டே இருந்தால் போதும். இரண்டு நிமிடத்தில் கை ஓயும், அடுத்தவர் மாறிக்கொள்ளட்டும். 22 பேர் நிற்கிற திடலில் ஆளுக்கா பஞ்சம்?

'விலா எலும்பு உடைந்துவிட்டால்?' என்று எல்லா வகுப்பிலும் கேட்பார்கள். உடையலாம். உடைந்த விலா ஆறும்.

ஏ.இ.டி. கருவி கிடைத்தால் தயங்காமல் திறங்கள். அது பேசும், சொல்வதைச் செய்தால் போதும். தேவையில்லாத இதயத்துக்கு அது அதிர்ச்சி கொடுக்காது. வியர்வையில் நனைந்த மார்பைத் துடைத்துவிட்டு ஒட்டுங்கள். ஆட்டத்தன்று கிட்டத்தில் எங்கே இந்தக் கருவி இருக்கிறது என்பதை முன்கூட்டியே விசாரித்து வைப்பது ஏற்பாட்டாளரின் வேலை.

நாம் வழக்கமாகச் செய்யும் தவறுகள்

வலிப்புக்குச் சாவியும் இரும்பும் உதவாது. வாயில் கரண்டியோ துணியோ வைக்கக் கூடாது. தலைக்குக் கீழே மெத்தென்று ஒன்றை வைத்து, கடிகாரத்தைப் பாருங்கள். துடிப்பு நின்றதும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் 999. துடிப்பு நின்ற பிறகு மூச்சு ஒழுங்காக இல்லையென்றால், மார்பை அழுத்தத் தொடங்குங்கள்.

மயங்கிக் கிடப்பவருக்குத் தண்ணீர் புகட்டாதீர்கள். அது நுரையீரலுக்குப் போகும்.

கணுக்கால் சுளுக்கினால் உடனே தைலம் போட்டு உருவுவது நம் வழக்கம். முதல் இரண்டு நாள் உருவ வேண்டாம். துணியில் சுற்றிய ஐஸ் 15, 20 நிமிடம் போதும். காலூன்றி நாலடி நடக்க முடியவில்லையென்றால் எக்ஸ்ரே எடுங்கள்.

தலையோடு தலை மோதி, ஒரு கணம் கண் இருண்டாலும், 'என்ன ஸ்கோர்?' என்று கேட்டுத் தடுமாறினாலும், அன்றைக்கு அவருக்கு ஆட்டம் முடிந்தது. 'நல்லாத்தான் இருக்கேன்' என்று அவர் சொல்வதைக் கேட்க வேண்டாம். வாந்தி, மயக்கம், கூடிக்கொண்டே போகும் தலைவலி இருந்தால் நேரே மருத்துவமனை. அன்றிரவு தனியே படுக்க விடாதீர்கள். மோட்டார் சைக்கிளும் ஓட்ட விடாதீர்கள்.

கழுத்தில் அடி என்றால், நாலு பேர் நாலு பக்கம் தூக்கி ஓரமாகப் போடுவது பெரிய ஆபத்து. தலையை இரு கையால் அசையாமல் பிடித்துக்கொண்டு ஆம்புலன்சுக்குக் காத்திருங்கள். ஆட்டம் நிற்கட்டும். 2022 ஜூலையில் தமிழ்நாட்டின் பண்ருட்டி அருகே கபடி ஆட்டத்தில் பாடிச் சென்ற ஓர் இளைஞர் மடக்கிப் பிடிக்கப்பட்டு விழுந்தார். எழ முயன்றவர் அங்கேயே சாய்ந்து இறந்துபோனார். எழுந்துவிட்டார், ஒன்றும் இல்லை என்று நாம் நினைத்துவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

அப்புறம், இடி. பேராக் மாலை மழை நமக்குத் தெரிந்ததுதான். 2016-இல் மலாக்கா யுனைடெட் குழுவின் ஆஸ்திரேலியக் கோல் காவலர் பயிற்சியின்போது மின்னல் தாக்கி, சில வாரம் கழித்து உயிரிழந்தார். 2024 பிப்ரவரியில் இந்தோனேசியாவின் பண்டுங்கில் ஆட்டத்தின் நடுவே ஓர் ஆட்டக்காரரை மின்னல் கொன்றது. மின்னலுக்கும் இடிக்கும் நடுவே 30 எண்ணுவதற்குள் இடி கேட்டால், ஆட்டத்தை நிறுத்திக் கட்டடத்துக்குள்ளோ காருக்குள்ளோ போக வேண்டும். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்தே திரும்ப வேண்டும். மரத்தடியும், நாம் வாடகைக்கு எடுக்கும் இரும்புக்கால் கூடாரமும் பாதுகாப்பு இல்லை. மின்னல் தாக்கியவரைத் தொட்டால் ஷாக் அடிக்கும் என்பது பொய். தொடுங்கள், மூச்சில்லை என்றால் அழுத்துங்கள்.

ஒரு தாள் போதும்

இப்போது நான் போகிற ஒவ்வொரு ஆட்டத்திலும், முதல் விசிலுக்கு முன் ஒரு தாளை எழுதி மேசையில் ஒட்டச் சொல்கிறேன். ஐந்தே வரி.

1. மார்பை அழுத்துபவர்கள்: இரண்டு பேர், பெயரோடு. அவர்கள் ஓடுவதற்கு நடுவரின் விசில் தேவையில்லை என்று நடுவரிடமும் முன்பே சொல்லியாகிவிட்டது.

2. 999 அழைப்பவர்: ஒருவர். திடலின் பெயர், சாலைப் பெயர், பக்கத்தில் இருக்கும் பள்ளியோ சூராவோ கோயிலோ, மலாய் மொழியில் தாளிலேயே எழுதியிருக்க வேண்டும். பதற்றத்தில் சொந்த வீட்டு முகவரியே மறந்துபோகும்.

3. சாலை முனையில் நின்று ஆம்புலன்சைக் கையசைத்து அழைத்து வருபவர்: ஒருவர்.

4. ஏ.இ.டி. எங்கே இருக்கிறது, யார் போய் எடுத்து வருவார்.

5. கேட் சாவி யாரிடம். ஆட்டம் முடியும்வரை அவர் திடலை விட்டுப் போகக் கூடாது. கேட்டுக்கு முன்னால் யாரும் காரை நிறுத்தக் கூடாது.

இதற்குக் காசு செலவில்லை. பயிற்சிக்குக்கூடப் பெரிய செலவில்லை. செம்பிறைச் சங்கம், செயிண்ட் ஜான் ஆம்புலன்ஸ், பொதுத் தற்காப்புப் படை எல்லாம் முதலுதவி வகுப்பு நடத்துகின்றன. ஒரு குழுவிலிருந்து இரண்டு பேர் போனால், எட்டுக் குழு ஆட்டத்தில் திடலில் 16 பேர் இருப்பார்கள். கிண்ணத்தைக் கொஞ்சம் சின்னதாக வாங்கினால் அந்தக் கட்டணம் கிடைத்துவிடும்.

வீட்டில் இருக்கும் அம்மாமாருக்கும் ஒரு வார்த்தை. பிள்ளை கிளம்பும்போது தண்ணீர் புட்டி எடுத்தாயா என்று கேட்கிறீர்கள். அதோடு, 'இன்னிக்கு யாராவது விழுந்தா யார் ஓடுவாங்க?' என்றும் கேளுங்கள். பதில் வரவில்லையென்றால் அவனே கற்றுக்கொள்ளட்டும். வீட்டுக்காரருக்குக் கொஞ்ச நாளாகப் படி ஏறும்போது நெஞ்சு இறுக்கம், காரணமில்லாத மூச்சு வாங்கல் என்றால், வெட்டரன் ஆட்டத்துக்கு முன்னால் கிளினிக்குக்கு அனுப்புங்கள். எங்கள் அண்ணன் அந்த வாரம் முழுக்கக் 'காஸ்' என்று சொல்லி மருந்து குடித்தாராம். துக்க வீட்டில் அவர் மனைவி சொல்லித்தான் எனக்குத் தெரியும். சொல்லும்போது அவர் என்னைக் குறை சொல்லவில்லை. கேட்டைப் பூட்டியது நான்தான் என்று அன்றைக்கு அவரிடம் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. நாற்பதாம் நாள் கழித்துப் போய்ச் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "இனிமே பூட்டாதீங்க தம்பி" என்றார். அதற்கடுத்த மாதம்தான் வகுப்பில் சேர்ந்தேன்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது அந்தத் தம்பியிடமிருந்து மறுபடி அழைப்பு.

"அண்ணே, தாள் எழுதிட்டேன். ரெண்டு பசங்க அழுத்தக் கத்துக்கிறோம்னு சொல்றாங்க. நீங்க கொஞ்சம் முன்னாடியே வந்து காட்டிக் குடுங்க."

"சரி தம்பி. சாவி?"

"என் கழுத்துல மாட்டியிருக்கேன்ணே."